சார்ட்டில் இல்லாத பொட்டு: ஏழாம் வகுப்பில் ஒரு வாழ்க்கைத்திறன் பாடம்

இது 2022-23 கல்வியாண்டில் சிவகங்கை மாவட்டத்தின் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் நடந்தது. நான் அங்கே அறிவியல் ஆசிரியை, ஏழாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையும் நான்தான். பிள்ளைகளின் அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்த வரிசையையும் நான் செய்த தவறுகளையும் மாற்றவில்லை. இதே பாடத்தை எடுக்கப்போகும் ஆசிரியர்கள் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பின்னணி

எங்கள் பக்கம் மானாவாரி நிலம்தான் அதிகம். மழை பொய்த்தால் ஆண்கள் வெளியூர் கிளம்பிவிடுவார்கள். சிலர் வெளிமாநிலத்தில் முறுக்கு, மிக்சர் போடும் பட்டறைகளுக்குப் போவார்கள். கொஞ்சம் கையில் பணமோ கடன் வாங்க வழியோ இருப்பவர்கள் வளைகுடாவுக்குப் போவார்கள். அந்த வருடம் என் வகுப்பில் 31 பிள்ளைகள். அதில் 9 பேர் அப்பத்தா, அம்மாச்சி, அத்தை என்று யாராவது ஒருவர் பொறுப்பில் இருந்தவர்கள்.

கொரோனாவையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது இவர்கள் நான்காம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பு என்று ஒன்று இவர்களுக்கு நடக்கவே இல்லை. 2021 நவம்பர் 1 அன்று நேராக ஆறாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். வரிசையில் நிற்பது, ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருப்பது, தோளில் கை பட்டால் சண்டைக்குப் போகாமல் இருப்பது என்று தொடக்கப்பள்ளியில் தன்னால் படிந்துவிடும் பழக்கங்கள் பலருக்குப் படியாமல் போயிருந்தன.

மத்திய அரசின் சுகாதாரத் துறையும் கல்வித் துறையும் சேர்ந்து 2020இல் கொண்டுவந்த பள்ளி நலவாழ்வுத் திட்டத்தில், பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் நலவாழ்வுத் தூதர்களாகப் பயிற்சி பெற வேண்டும். எங்கள் பள்ளியில் அதில் ஒருத்தி நான். அதன் 11 தலைப்புகளில் மன நலமும் ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 1990களில் வகுத்த பத்து வாழ்க்கைத் திறன்களையும் பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். தன்னை அறிதல், பிறர் நிலையை உணர்தல், உணர்வுகளைக் கையாளுதல், மன அழுத்தத்தைக் கையாளுதல், முடிவெடுத்தல் என்று போகும் பட்டியல் அது. எனக்கு அந்தப் பட்டியல் மிகவும் பிடித்திருந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு இதைவிட அவசியமான பாடம் இல்லை என்று அப்போதும் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன்.

ஜூலை: சார்ட் ஒட்டியது

ஜூன் 13 அன்று பள்ளி திறந்தது. ஜூலை முதல் வாரம், வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை இதற்கென்று கேட்டு வாங்கினேன். 40 நிமிடம்.

முதல் வேலையாக ஒரு சார்ட் செய்தேன். மேலே ஐந்து முகங்கள், இணையத்திலிருந்து எடுத்து அச்சடித்தவை. மகிழ்ச்சிக்கு மஞ்சள், சோகத்துக்கு நீலம், கோபத்துக்கு சிவப்பு, பயத்துக்கு கறுப்பு, அமைதிக்கு பச்சை. கீழே பெயர்களும் தேதிகளும் கட்டம் கட்டமாக. ஃபேன்சி ஸ்டோரில் ஐந்து நிறத்திலும் ஸ்டிக்கர் பொட்டு வாங்கி வைத்தேன். காலை வழிபாடு முடிந்து வகுப்புக்குள் வந்ததும் ஒவ்வொருவரும் அன்றைக்கு எப்படி இருக்கிறோம் என்று தன் பெயருக்கு நேரே ஒரு பொட்டு ஒட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை அதை வைத்துப் பேசுவோம்.

அன்றைக்கு வகுப்பில் நான் சொன்ன ஒரு வாக்கியத்தையும் இங்கே பதிய வேண்டும். "இங்க பேசுறது எதுவும் இந்த வகுப்பை விட்டு வெளிய போகாது."

கவனித்ததும் கவனிக்காததும்

முதல் மூன்று வாரம் சார்ட் முழுக்க மஞ்சளாகவே இருந்தது. பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். முதல் ஆள் மஞ்சளை எடுத்தால் வரிசையில் பின்னால் வருகிற எல்லோரும் அதையே எடுத்தார்கள் என்பது என் கண்ணில் பட்டது. அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை.

ஒரு பையன் மட்டும் தினமும் சிவப்பு ஒட்டினான். 12 வயது. நன்றாகக் கணக்குப் போடுவான், அதிகம் பேச மாட்டான். அம்மா சில வருடங்களுக்கு முன்பே இறந்துவிட்டார். அப்பா வெளிமாநிலத்தில் முறுக்குப் பட்டறையில் இருந்தார். இவனும் எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கும் தங்கையும் அப்பத்தாவோடு இருந்தார்கள்.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் அவனிடம் கேட்டேன். "ஏன் தம்பி, இன்னைக்கும் கோபமா?" அவன் எழுந்து நின்றான், பதில் சொல்லவில்லை. அடுத்த வெள்ளியும் கேட்டேன். விடாமல் கேட்டால் மனம் திறப்பான் என்று நினைத்தேன். அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அப்பா போன் எடுக்க மாட்டேங்குறாங்க." பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் அதட்டினேன். அவனைப் பார்த்து, "மனசுல உள்ளதைத் தைரியமா சொன்னே, எல்லாரும் கைத்தட்டுங்க" என்றேன். தட்டினார்கள். அவன் அப்படியே உட்கார்ந்தான். அந்தக் கைத்தட்டல் சத்தம் இப்போதும் எனக்குள் கேட்கிறது.

ஆகஸ்ட் கடைசி: தட்டு

அடுத்த வாரம் சத்துணவு வரிசையில் அவன் தன் எவர்சில்வர் தட்டை ஓங்கி முன்னால் நின்ற பையன் முகத்தில் அடித்துவிட்டான். விளிம்பு புருவத்தில் கிழித்து ரத்தம் கொட்டியது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். இரண்டு தையல்.

மாலையில் அடிபட்ட பிள்ளையின் அம்மா வந்தார். "கண்ணு போயிருந்தா யாரு டீச்சர் பதில் சொல்றது?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஏன் அடித்தாய் என்று எத்தனை தடவை கேட்டும் அவன் வாய் திறக்கவில்லை. மறுநாளிலிருந்து பள்ளிக்கும் வரவில்லை.

ஆசிரியர் அறையில் இரண்டு கருத்து இருந்தது. டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்றார் ஒருவர். தலைமையாசிரியர் உடனே மறுத்தார். கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்க முடியாது. அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனம் நோகப் பண்ணுவதையும் தடை செய்கிறது. "முதல்ல பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு வர வைப்போம், மத்ததை அப்புறம் பேசுவோம்" என்றார். இரண்டு முடிவுகள் எடுத்தோம். அடிபட்ட பையனின் தையல் பிரிக்கும்வரை பள்ளியே கூட்டிப்போய் வரும். நான் இவன் வீட்டுக்குப் போவேன்.

பெட்டியில் கிடந்த சீட்டு

வீட்டுக்குப் போவதற்கு முந்தின நாள் 'மாணவர் மனசு' பெட்டியைத் திறந்தோம். அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் பெயர் போடாமல் புகார் எழுதிப் போடுவதற்காக வைத்திருக்கும் பெட்டி அது. பெரும்பாலும் கழிவறையில் தண்ணீர் வரவில்லை, விளையாட்டுப் பாடவேளை வேண்டும் என்றுதான் இருக்கும். அன்றைக்குக் கணக்கு நோட்டில் கிழித்த ஒரு தாள் இருந்தது.

"டீச்சர் அந்தப் பொட்டு சார்ட்டை எடுத்துருங்க. அத வச்சுத்தான் அவன செவப்புப் பொட்டுனு கூப்பிடுறாங்க. சாப்பாட்டு லைன்லயும் உங்கப்பன் போன எடுத்தானானு கேட்டாங்க."

தாளைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்ச் சார்ட்டைப் பார்த்தேன். 31 பெயர்களில் ஒரே ஒரு வரி மட்டும் சிவப்பு. வாசலில் நின்று பார்த்தாலே தெரிந்தது. ஒரு பிள்ளையின் துக்கத்தை நானே சுவரில் ஒட்டி, தேதி போட்டு, தினமும் எல்லோரும் படிக்கும்படி வைத்திருந்தேன். அன்று மாலையே கிழித்து எடுத்தேன். சுண்ணாம்புச் சுவரில் பசை ஒட்டிய இடம் மட்டும் தங்கிவிட்டது.

வீட்டில்

தனியாகப் போனால் விசாரணைக்கு வந்த மாதிரி இருக்கும் என்று, அதே தெருவில் குடியிருக்கும் சத்துணவு சமையலர் அக்காவை உடன் அழைத்துப் போனேன். அந்த அக்காவுக்கு அவனைக் கைக்குழந்தையிலிருந்தே தெரியும். அவனுடைய அப்பத்தா திண்ணையில் புளி உரித்துக்கொண்டிருந்தார். பையன் சித்தப்பா வீட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போயிருந்தான்.

இரண்டு மாதமாக மகனிடமிருந்து பணமும் இல்லை, போனும் இல்லை என்றார் அப்பத்தா. பையன் ராத்திரி பதினோரு மணிவரை போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பானாம். "அப்பன நெனச்சு ஏங்கிப் போயிருக்கான் தாயி. புள்ளைக்கு வேறொண்ணும் இல்ல."

அவன் ஆட்டோடு வந்ததும் என்னைப் பார்த்துக் கிணற்றடியிலேயே நின்றுவிட்டான். நான் எழுந்து அவனிடம் போனேன். சார்ட்டை எடுத்துவிட்டேன் என்றும், எல்லோர் முன்னாலும் உன்னைக் கேட்டது என் தப்பு என்றும் சொன்னேன். வெகுநேரம் ஒரு ஆட்டின் காதைத் தடவிக்கொண்டே இருந்தான். அப்புறம் சொன்னான்:

"எனக்குக் கோபமெல்லாம் இல்ல டீச்சர். அந்தச் சார்ட்ல எனக்குள்ள பொட்டு இல்ல."

சோகம் இருந்ததே, நீலம் ஒட்டியிருக்கலாமே என்று கேட்டேன். சோகம் என்றால் அழுகை வர வேண்டும், தனக்கு அழுகை வரவில்லை என்றான். நெஞ்சுக்குள் எதையோ இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் வருவது சிவப்புதான் என்று நினைத்து ஒட்டியிருக்கிறான். அப்பத்தா ஒரே வார்த்தையில் சொன்ன ஏக்கத்துக்கு என் சார்ட்டில் இடமே இல்லை. எங்கோ யாரோ வரைந்த ஐந்து முகங்களுக்குள் இந்த ஊர்ப் பிள்ளைகளின் மனத்தை அடைக்கப் பார்த்திருந்தேன்.

செப்டம்பர்: வகுப்பை மாற்றியது

மறுநாள் அவன் வந்தான். வகுப்பில் அவன் பெயரை எடுக்கவே கூடாது என்று முடிவு செய்திருந்தேன். கைகொடுக்கச் சொல்வது, மன்னிப்புக் கேட்கச் சொல்வது எதுவும் வேண்டாம். அடித்ததற்கான பொறுப்பை அவன் தலைமையாசிரியர் அறையில், அடிபட்ட பையனின் அம்மா முன்னால் ஏற்றுக்கொண்டான். கேலி செய்த மூன்று பேரிடமும் தனித்தனியாகப் பேசினேன். அடிபட்ட பையனும் அதில் ஒருவன்தான். "சும்மா விளையாட்டுக்குத்தான் டீச்சர்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அது எவ்வளவு வலிக்கும் என்று அவனுக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை.

வகுப்பிடம் நான் சொல்ல வேண்டியிருந்தது இரண்டு. சார்ட் வைத்தது என் தவறு என்பது ஒன்று. இங்கே பேசுவது வெளியே போகாது என்று நான் கொடுத்த வாக்கு என்னால் காப்பாற்ற முடியாதது என்பது இன்னொன்று. 2012இல் வந்த போக்சோ சட்டப்படி, ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது என்று தெரிந்தால் புகார் செய்தே ஆக வேண்டும். ஆசிரியர் மறைத்தால் அது குற்றம். அதனால் புதிதாக இப்படிச் சொன்னேன்: "உங்களை யாராவது அடிச்சுக் கொடுமைப்படுத்தினா, தொடக்கூடாத இடத்துல தொட்டா, இல்ல உங்களுக்கே உங்களைக் காயப்படுத்திக்கணும்னு தோணுனா, இந்த மூணுல எதைச் சொன்னாலும் நான் உதவிக்கு இன்னொருத்தர்கிட்ட சொல்லியாகணும். யார்கிட்ட சொல்லப்போறேன்னு முதல்ல உங்ககிட்டதான் சொல்வேன்." இதைச் சொன்னால் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள் என்று பயந்தேன். அப்படி நடக்கவில்லை. வகுப்பு முடிந்து ஒரு பெண் வந்து, "அப்ப மத்ததெல்லாம் சொல்ல மாட்டீங்கதானே?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டு போனாள்.

அப்புறம் சொற்களைச் சேர்த்தோம். அந்த மாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான். மனசு சரியில்லை என்றால் வீட்டில் என்னென்ன சொல்வார்கள் என்று கேட்டு வரச் சொன்னேன். யாருக்கு அப்படி இருந்தது, ஏன் இருந்தது என்பதெல்லாம் வேண்டாம், வார்த்தை மட்டும் போதும். திக்குனு இருக்கு. வயித்தப் பிசையுது. கடுப்பா இருக்கு. மனசு கெடந்து அடிக்குது. சொரத்தே இல்ல. ஒரு பையன் 'வெப்புராளம்' கொண்டுவந்தான். அவன் அம்மாச்சி அடிக்கடி சொல்வாராம். ஆத்திரமும் அழுகையும் ஒன்றும் செய்யமுடியாத தவிப்பும் சேர்ந்து நெஞ்சை எரிப்பதைச் சொல்லும் சொல் அது. எந்த முகம் வரைந்து அதைக் காட்ட முடியும்? 'ஒரு மாதிரியா இருக்கு' என்பதைச் சேர்க்கலாமா என்று பெரிய விவாதமே நடந்தது. என்னவென்று தெரியாமல் இருப்பதும் ஒரு நிலைதானே என்று ஒரு பெண் வாதாடினாள். சேர்த்தோம். ஏக்கத்தை யாரோ முன்னமே எழுதிவிட்டார்கள், நான் எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஒவ்வொரு சொல்லும் உடம்பில் எந்த இடத்தில் தெரிகிறது என்று கரும்பலகையில் ஒரு ஆள் உருவம் வரைந்து குறித்தோம். கோபம் காதில் சூடாகத் தெரிகிறது என்றார்கள், கையில் முறுக்கேறுகிறது என்றார்கள். தட்டை ஓங்குவதற்கு முன்னால் ஒரு நொடி கை முறுக்கேறும், அந்த நொடியைக் கண்டுபிடிக்கப் பழகுவதுதான் இந்தப் பாடம் என்று நான் சொல்ல நினைத்து, 'தட்டை' என்ற வார்த்தையை விட்டுவிட்டுச் சொன்னேன்.

சொந்தக் கதை பேசுவதை முழுவதும் நிறுத்தினோம். அதற்குப் பதிலாகப் 'பக்கத்து ஊர்ப் பிள்ளை' வந்தது. பக்கத்து ஊர்ப் பிள்ளை ஒருத்திக்குக் கூட்டாளி பேசாமல் போய்விட்டாள், என்ன செய்வாள்? பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனைப் பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள், பார்த்துக்கொண்டு நிற்கும் நீ என்ன செய்வாய்? நடித்துக் காட்டினார்கள், சண்டை போட்டார்கள், முடிவை மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அது தங்கள் கதைதான் என்று பாதிப் பேருக்குத் தெரியும். ஆனாலும் யாரும் எழுந்து நிற்க வேண்டியதில்லை.

எழுத விரும்புகிறவர்களுக்கு 40 பக்க நோட்டு ஒன்று. பக்கத்தை மடித்து வைத்தால் நான் படிக்க மாட்டேன், மடிக்காமல் விட்டால் படித்துவிட்டுத் தனியாகப் பேசுவேன். மூச்சுப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்தேன். முதல் மாதம் சிரித்துத் தள்ளினார்கள். பரீட்சைக்கு முன்னால் சிலர் தாங்களாகவே செய்ததைப் பார்த்தேன். அவ்வளவுதான் அதைப் பற்றிச் சொல்ல முடியும்.

அப்பாவைத் தேடியது

வாழ்க்கைத் திறன் வகுப்பு எவ்வளவு நன்றாக நடந்தாலும் அவன் அப்பா போனை எடுக்கப்போவதில்லை. அந்தப் பிள்ளைக்கு முதலில் தேவைப்பட்டது அப்பாவின் குரல். இதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில், பெயர் விவரத்தை வெளியே பேசக்கூடாது என்ற உறுதியோடு சொன்னோம். குழுவில் இருந்த ஒரு அம்மாவின் அண்ணனும் அதே தொழில். அவர் மூலம் மூன்று வாரத்தில் ஆள் கிடைத்தார். முன்பணம் தொடர்பான தகராறில் பழைய பட்டறையை விட்டு வேறு ஊருக்குப் போயிருக்கிறார். போனும் தொலைந்திருக்கிறது. பணம் இல்லாமல் எந்த முகத்தோடு பேசுவது என்று பேசாமலே இருந்திருக்கிறார்.

பணம் அனுப்ப முடியாவிட்டாலும் பரவாயில்லை, வாரம் ஒரு தடவை பேசினால் போதும் என்று தலைமையாசிரியர் அவரிடம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு என்று நேரம் வைத்துக்கொண்டார்கள். அப்பத்தாவின் போனில் சார்ஜ் நிற்காது என்பதால் சமையலர் அக்கா போனுக்கு அழைப்பு வரும். ஆறரைக்கே அண்ணனும் தங்கையும் அக்கா வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்று அக்கா சொல்வார்.

பின்விளைவு

அரையாண்டுத் தேர்வுவரை அவன் ஒழுங்காக வந்தான். நவம்பரில் இன்னொரு சண்டை நடந்தது. தள்ளிவிட்டான், அடிக்கவில்லை, பிறகு தானே வந்து என்னிடம் சொன்னான். தூக்கம் சரியாக இல்லை என்று அப்பத்தா சொன்னதால், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் வழியாக மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆலோசகரிடம் இரண்டு தடவை அனுப்பினோம். அம்மா இறந்த துக்கமே இன்னும் ஆறவில்லை என்று அவர்தான் எங்களுக்கு விளக்கினார். அதை நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. பொங்கலுக்கு அப்பா வந்துபோனார்.

அடிபட்ட பையனும் இவனும் கூட்டாளிகளாகவில்லை. ஒரே வகுப்பில் தொந்தரவில்லாமல் இருந்தார்கள். அதற்கு மேல் எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை.

இந்த அனுபவத்தில் இன்னொரு பிள்ளையும் இருக்கிறாள். பிப்ரவரியில், கஷ்டம் என்றால் யாரிடம் சொல்வாய் என்று ஐந்து விரலுக்கும் ஐந்து பேரை எழுதும் பயிற்சி கொடுத்தேன். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417, அதற்கு முந்தின அக்டோபரில்தான் தொடங்கியிருந்த 14416 மனநல உதவி எண் ஆகியவற்றை உள்ளங்கையில் எழுதச் சொன்னேன். ஒரு பெண் ஐந்து விரலையும் வெறுமையாக விட்டுவிட்டு உள்ளங்கையில் எண்களை மட்டும் அழகாக எழுதியிருந்தாள். ஜூலையில் தவறாமல் மஞ்சள் பொட்டு ஒட்டியவள். விசாரித்தால், அம்மா மாதக்கணக்கில் படுக்கையில் இருக்கிறார், காலையும் இரவும் சமையல் இவள்தான். ஏழு மாதம் என் கண்முன் இருந்திருக்கிறாள். சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்ததால் நான் மஞ்சளைப் பார்க்கவில்லை. கிராம சுகாதாரச் செவிலியர் அவள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தது மார்ச்சில்தான்.

இனி மாற்றுவது

அடுத்த வருட ஆறாம் வகுப்புக்குச் சார்ட் கிடையாது. முதல் நான்கு வாரம் சொல் சேர்ப்பது மட்டும்தான், அதுவும் பிள்ளைகள் வீட்டுச் சொல். ஆசிரியர் எதை ரகசியமாக வைத்திருக்க முடியும், எதை முடியாது என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். ஐந்து விரல் பயிற்சியைப் பிப்ரவரிக்குத் தள்ளாமல் ஜூலையிலேயே வைப்பேன். சத்தம் போடாத பிள்ளைகளை மாதம் ஒரு தடவை வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக யோசிப்பேன்: இந்தப் பிள்ளையோடு கடைசியாக எப்போது பேசினேன்?

இன்னொன்றில் எனக்கு உறுதி இருக்கிறது. இந்தப் பாடத்தைத் தனியாக ஒரு ஆசிரியர் எடுக்கக் கூடாது. நான் கைத்தட்டச் சொன்ன அன்று பக்கத்தில் இன்னொருவர் இருந்திருந்தால், அவர் அந்தப் பையனின் முகத்தைப் பார்த்திருப்பார். இப்போது உடற்கல்வி ஆசிரியர் என்னோடு அமர்கிறார். வகுப்பு முடிந்ததும் பத்து நிமிடம் இருவரும் பேசுகிறோம்.

2024இல் அவன் எட்டாம் வகுப்பை முடித்துப் பக்கத்து ஊர் உயர்நிலைப்பள்ளிக்குப் போனான். அங்குள்ள வகுப்பாசிரியரிடம் என்ன சொல்லலாம் என்று அவனையும் அப்பத்தாவையும் கேட்டேன். தட்டுச் சண்டையைச் சொல்ல வேண்டாம் என்றான். அப்பா வெளியூரில் இருப்பதையும், கேள்வி கேட்க வேண்டுமானால் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள் என்பதையும் மட்டும் சொல்லச் சொன்னான். அதை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.